ஜெர்மனியில் 6 மாத இன்டர்ன்ஷிப்: எந்த இன்சூரன்ஸ், கையில் எவ்வளவு யூரோ?

கோவை_மெக்
வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2026 பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு வண்டி உதிரிபாக கம்பெனியில இன்டர்ன்ஷிப். மாதம் 1,050 யூரோ. இன்சூரன்ஸை நீங்களே பார்த்துக்கணும்னு ஹெச்ஆர் சொல்லிட்டாங்க. ஊர்ல ஏஜென்ட் 6 மாதத்துக்கு ஒரு டிராவல் பாலிசி போட்டுத் தரேங்கிறார். அது போதுமா? கையில எவ்வளவு காசு, எந்த கார்டு? டாக்ஸ் பிடிப்பாங்களா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெக்கார்க்கரை
தம்பி, பாலிசியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் "ஃப்ளிஷ்ட்ப்ராக்டிகும்" என்று இருக்கிறதா, "ஃப்ரைவில்லிகெஸ் ப்ராக்டிகும்" என்று இருக்கிறதா? முதலாவது, பாடத்திட்டம் கட்டாயமாகக் கேட்கும் பயிற்சி. இரண்டாவது, நீங்களாக விரும்பிப் போவது. சம்பளம், காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் மூன்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு சொல்தான்.

கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பொருந்தும். 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் 2,400 யூரோவைத் தாண்டிவிடும். உங்களுக்கு 1,050 தருகிறார்கள் என்றால் கட்டாயப் பயிற்சி என்ற கணக்கில்தான் தருகிறார்கள். கல்லூரிக் கடிதம் கேட்டிருப்பார்களே?

கோவை_மெக்
ஆமாண்ணா, கேட்டாங்க. டீன் ஆபீஸ்ல வாங்கிக் கொடுத்துட்டேன். "16 வாரப் பயிற்சி பாடத்திட்டத்தின்படி கட்டாயம்"னு இருக்கு.

நெக்கார்க்கரை
அங்கேதான் சிக்கல். பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை கிட்டத்தட்ட 26 வாரம். கடிதம் 16 வாரம் என்கிறது. மீதி 10 வாரம் சட்டப்படி விருப்பப் பயிற்சி. கவனமான சம்பளப் பிரிவு இதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும். கவனிக்காதவர்களிடம் பாதியில் தெரியவரும். அந்த மாதத்திலிருந்து சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் ஆரம்பமாகும், உங்கள் தனியார் மருத்துவ பாலிசியும் அந்த வாரங்களுக்குச் செல்லாது.

பல்கலைக்கழக விதிமுறையில் "குறைந்தது 16 வாரம்" என்றோ, "ஒரு முழு செமஸ்டர்" என்றோ இருந்தால் நல்லது. பயிற்சி முழுவதும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்று தேதியோடு புதுக் கடிதம் கேளுங்கள். சிலபஸின் அந்தப் பக்கத்தையும் முத்திரை வைத்து இணையுங்கள். பக்கத்தில் அப்படி இல்லை என்றால் இருப்பதாக எழுதி வாங்காதீர்கள். விசா விண்ணப்பத்தோடு போகும் காகிதம் அது. அப்படியானால் ஒப்பந்தத்தையே 16 வாரமாகச் சுருக்கச் சொல்லுங்கள், அல்லது மீதி வாரங்களுக்குத் தனி ஒப்பந்தம் கேளுங்கள்.

சேலம்_ஸ்டீல்
கூட ஒண்ணு. எந்த இடத்துல நின்னா எந்த இன்சூரன்ஸ்னு தெளிவா பிரிச்சுக்கோங்க.

படிப்புக்கு நடுவுல வர்ற கட்டாயப் பயிற்சி, நீங்க இந்தியக் கல்லூரி மாணவர்: சம்பளம் எவ்வளவா இருந்தாலும் கம்பெனி மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எதையும் பிடிக்கக் கூடாது. அதனாலதான் "நீங்களே பார்த்துக்கோங்க"ன்னாங்க. ஜெர்மன் மாணவர்களுக்கு இருக்கிற சலுகைக் கட்டண அரசு காப்பீடு உங்களுக்குக் கிடைக்காது. அது அங்கேயே பதிவு பண்ணின மாணவர்களுக்கு மட்டும்.

விருப்பப் பயிற்சி, முழு நேரம், மாதம் 603 யூரோவுக்கு மேல சம்பளம்: அரசு மருத்துவக் காப்பீடு கட்டாயம், கம்பெனியே பதிவு பண்ணும். உங்க பங்கா மொத்தப் பிடித்தம் சம்பளத்துல சுமார் ஐந்துல ஒரு பங்கு. மாசம் 2,000க்குள்ள இருந்தா அதைவிடக் குறையும். இதுல ஓய்வூதியத்துக்குப் போன பங்கை ஊர் திரும்பின பிறகு, 24 மாசம் காத்திருந்து, ஜெர்மன் ஓய்வூதிய அமைப்புகிட்ட திரும்பக் கேட்கலாம். தொழிலாளி பங்கு மட்டும்தான் வரும், முதலாளி பங்கு வராது. அதுக்கு ஓய்வூதியக் காப்பீட்டு எண் இருக்கிற கடிதத்தைத் தொலைக்காம வச்சிருக்கணும்.

கோவை_மெக்
அப்போ கட்டாயப் பயிற்சின்னா ஏஜென்ட் சொன்ன பாலிசி போதும்தானே?

சேலம்_ஸ்டீல்
விசாவுக்குப் போதுமாங்கிறது ஒரு கேள்வி, ஆஸ்பத்திரிக்குப் போதுமாங்கிறது வேற கேள்வி. 30,000 யூரோ கவரேஜ்ங்கிறது 90 நாளுக்கு உட்பட்ட ஷெங்கன் விசாவுக்கான குறைந்தபட்சம். நீங்க போறது 6 மாசம், தேசிய விசா. ஏஜென்ட் "விசா வந்துடும் சார்"னு சொல்ற பாலிசி பல நேரம் டூரிஸ்ட் பாலிசிதான். வாங்குறதுக்கு முன்னாடி விதிமுறைப் பக்கத்துல இதைத் தேடுங்க:

பயணக் காரணத்துல இன்டர்ன்ஷிப், வேலைப் பயிற்சி அனுமதி உண்டா? சுற்றுலாவுக்குன்னு மட்டும் இருந்தா ஒதுக்கிடுங்க. வெளிநோயாளி சிகிச்சை உண்டா, ஒரு தடவைக்கு நம்ம கைக்காசு எவ்வளவு? பல்லுக்கு வலி நிறுத்துற அளவுக்கு மட்டுமா, எவ்வளவு வரைக்கும்? ஆஸ்துமா, தைராய்டு மாதிரி ஏற்கெனவே இருக்கிறது திடீர்னு கடுமையானா கவர் ஆகுமா, முழுக்க விலக்கா? ஊருக்குக் கொண்டுவர்ற செலவு உண்டா? தினசரி சாப்பிடுற மாத்திரை பொதுவா டிராவல் பாலிசியில வராது. டாக்டர் சீட்டோட தேவையான அளவு ஊர்லேர்ந்தே கொண்டு போங்க.

நெக்கார்க்கரை
இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஜெர்மனியிலேயே விற்கும் "இன்கமிங்" பாலிசிதான் என் தேர்வு. ஹன்ஸேமெர்க்கூர், கேர் கான்செப்ட் போன்றவை வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கென்றே வைத்திருக்கின்றன. இளைஞர்களுக்கு மாதம் சுமார் 30 முதல் 45 யூரோ. ஊரிலிருந்தே ஆன்லைனில் வாங்கலாம், விசாவுக்கான சான்றிதழும் உடனே பிடிஎஃப்பாக வரும்.

காரணம் பில் போடும் முறை. தனியார் காப்பீட்டோடு டாக்டரிடம் போனால் நீங்கள் தனிநோயாளி. காசாளரிடம் பணம் கட்டிவிட்டு வருவது அங்கே வழக்கமில்லை. சில வாரம் கழித்து வீட்டுக்குப் பில் வரும். அது "கோஎ" என்ற மருத்துவர் கட்டணப் பட்டியலின்படி இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், ஒரு பெருக்கல் மடங்கு. சாதாரணமாக 2.3 மடங்கு வரை போடுவார்கள், காரணம் எழுதி 3.5 வரை போகலாம். அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கும் ஜெர்மன் நிறுவனத்துக்கு பில்லை ஸ்கேன் பண்ணி அனுப்பினால் போதும். பல இந்திய நிறுவனங்கள் மொழிபெயர்ப்பு, டாக்டர் கையெழுத்திட்ட படிவம், அசல் ரசீது என்று இழுக்கும். பில்லைக் கட்டச் சாதாரணமாக 30 நாள் தவணை. காப்பீட்டுப் பணம் அதற்குள் வராவிட்டால் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்.

சேலம்_ஸ்டீல்
க்ளெய்ம் விஷயத்துல ஒத்துக்கிறேன். ஆனா இன்கமிங் பாலிசியிலயும் மடங்குக்கு உச்சவரம்பு வச்சிருப்பாங்க, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு விலக்கும் உண்டு. ஜெர்மனின்னதும் எல்லாம் சரின்னு எடுத்துக்க வேண்டாம். 2.3 மடங்கு வரைக்கும் தருவாங்களான்னு பார்த்துட்டு வாங்குங்க.

தேதி ரொம்ப முக்கியம். ஒப்பந்தம் பிப்ரவரி 1னாலும் ஃப்ளைட் ஏறுற நாள்லேர்ந்து பாலிசி ஓடணும். ஜூலை 31க்கு அப்புறம் ஊர் சுத்தப் போறீங்கன்னா திரும்பி இறங்குற நாள் வரைக்கும். எதிர்பாராம சீக்கிரம் திரும்பினா மீதி மாசக் கட்டணம் திரும்பக் கிடைக்கிற திட்டமான்னும் பாருங்க.

நெக்கார்க்கரை
வேலையிடத்தில் அடிபட்டாலோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விழுந்தாலோ இந்த பாலிசியைத் தொட வேண்டாம். பயிற்சி மாணவர்களுக்கும் நிறுவனத்தின் சட்டபூர்வ விபத்துக் காப்பீடு உண்டு. தனியாகக் கட்ட வேண்டியதும் இல்லை. "இது வேலை விபத்து" என்று முதலிலேயே சொல்லி, "துர்ஷ்காங்ஸ்ஆர்ட்ஸ்ட்" என்ற அங்கீகரிக்கப்பட்ட விபத்து மருத்துவரிடம் போக வேண்டும். அன்றே மேலாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரி காய்ச்சல், வயிற்றுவலிக்கு 116117.

ரைன்_யாழ்
வணக்கம். நான் ஒண்டு சொல்லவேணும். மருத்துவத்தை மட்டும் பாத்துக்கொண்டு எல்லாரும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் எண்ட பொறுப்புக் காப்புறுதியை மறந்து போறீனம். மற்றவைக்கு நாங்கள் செய்யிற சேதத்துக்கு இங்க சட்டத்தில உச்சவரம்பு இல்லை. சைக்கிள்ல போய் ஒருத்தரை இடிச்சாலும் அவற்ற வைத்தியச் செலவு, சம்பள நட்டம் எல்லாம் உங்கட தலையில.

பெடியளுக்கு அடிக்கடி நடக்கிறது திறப்புத் துலைக்கிறது. மாணவர் விடுதிகளில கனக்க இடத்தில ஒரே திறப்புத்தான் வாசல், பைக் அறை, உடுப்புத் தோய்க்கிற அறை எல்லாத்துக்கும். அது துலைஞ்சா கட்டடத்தின்ர முழுப் பூட்டுத் தொகுதியையும் மாத்தி, ஆயிரக்கணக்கில காசு கேக்கேலும். மாசம் சில யூரோவில காப்புறுதி இருக்கு. ஆனா "பிறற்ற திறப்பு" எண்ட பிரிவு இருக்கோ, அதில வேலையிடத் திறப்பும் சேருதோ எண்டு பாத்து எடுங்கோ. சில இன்கமிங் திட்டத்தில ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் சேத்தே வரும், ரெண்டு தரம் வாங்காதேங்கோ. தனியா எடுத்தா பெரும்பாலும் ஒரு வருச ஒப்பந்தம். திரும்பிப் போகேக்க நாட்டை விட்டுப் போறதெண்டு பதிவுநீக்கச் சான்றிதழோட எழுதி நிப்பாட்ட வேணும். சும்மா விட்டா அடுத்த வருசமும் கணக்கில காசு வெட்டுப்படும்.

கோவை_மெக்
நன்றிங்க. இப்போ காசு. ஃபோரெக்ஸ் கார்டுல எவ்வளவு போடணும்? ரூம் வாடகை 520, டெபாசிட் 1,040 கேட்கிறாங்க.

கணக்குப்பிள்ளை
முதல் மாதம்தான் கழுத்தைப் பிடிக்கும். பிப்ரவரிச் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், அதுவும் வங்கிக் கணக்கு தயாராக இருந்தால். வாடகை 520, டெபாசிட் 1,040, டாய்ச்லாந்து டிக்கெட் (உள்ளூர் பஸ், ரயிலுக்கான மாதப் பாஸ்) 63, சாப்பாடு சுமார் 220, போர்வை பாத்திரம் சிம் என்று 150. ஏறத்தாழ 2,000 யூரோ. மார்ச் வாடகை சம்பளத்துக்கு முன் கேட்டால் இன்னும் 520. ஆக 2,500 யூரோ உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் நோட்டாக வேண்டாம், 300 யூரோ போதும்.

டெபாசிட்டுக்குச் சட்ட வரம்பு, ஹீட்டிங் போன்ற செலவு சேராத வாடகையில் மூன்று மாதம். உங்களிடம் கேட்டது அதற்குள்தான். ஆனால் அறையை யாரும் நேரிலோ வீடியோவிலோ காட்டாமல், ஓனர் வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள்.

2,500 யூரோ என்றால் இன்றைய விலையில் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி), நிதியாண்டுக்கு 10 லட்சம் தாண்டினால்தான் வரும். உங்களுக்கு வராது. பணமாற்றத்துக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் 0.18 சதவீதம், அதற்கு மேல் போகும் தொகைக்கு 0.09 சதவீதம். இரண்டு லட்சம் மாற்றினால் 270 ரூபாய். இதெல்லாம் சில்லறை. உண்மையான செலவு ரேட்டில் ஒளிந்திருக்கிறது. கூகிளில் வரும் நடு ரேட்டுக்கும் வங்கி தரும் ரேட்டுக்கும் ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று பார்த்து, அதை 2,500ஆல் பெருக்குங்கள். "கமிஷன் இல்லை" என்ற விளம்பரத்தின் அர்த்தம் அப்போது தெரியும்.

வீட்டுக்காரருக்கு டெபாசிட்டை இந்தியாவிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால், படிவத்தில் கட்டணம் முழுதும் அனுப்புபவருக்கே என்ற தேர்வைக் குறியுங்கள். இல்லாவிட்டால் இடையில் இருக்கும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு 1,040க்குப் பதில் ஆயிரத்துச் சொச்சம் போய்ச் சேரும், சாவி கிடைக்காது.

சேலம்_ஸ்டீல்
கார்டு பத்தி: ஃபோரெக்ஸ் கார்டு ஒண்ணு, வேற வங்கியோட டெபிட் இல்ல கிரெடிட் கார்டு ஒண்ணு. ரெண்டையும் ஒரே பர்ஸ்ல வைக்காதீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டு வரும்போது உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்ல நீங்கதான் ஆன் பண்ணணும், கிளம்பறதுக்கு முன்னாடியே. ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங் திறந்து, ரீசார்ஜ் தீராம பார்த்துக்கோங்க. அந்த சிம் செத்தா நெட் பேங்கிங்கும் செத்த மாதிரிதான்.

ஏடிஎம்லயோ கடை மெஷின்லயோ "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா"ன்னு கேட்டா எப்பவும் யூரோ. ரூபாயைத் தொட்டா அவங்க வச்ச ரேட். சாதாரண கிரெடிட் கார்டுல 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி, மொத்தம் 4.13. கிரெடிட் கார்டுல ஏடிஎம் பணம் எடுத்தா எடுத்த நாள்லேர்ந்தே வட்டி. இன்னொண்ணு, ஸ்டுட்கார்ட்லேர்ந்து ஜூரிக் பக்கம்னு கிளம்பிடுவீங்க. யூரோ ஏத்தின கார்டை சுவிஸ் பிராங்க்ல தேய்ச்சா மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம்.

ரைன்_யாழ்
சில பேக்கரியளிலயும் சின்னச் சாப்பாட்டுக் கடையளிலயும் காட் எடுக்காயினம், காசுதான். இன்னும் சில இடத்தில ஜெர்மன் வங்கிக் காட் மட்டும் எடுப்பினம்.

வந்து குடியேறி ரெண்டு கிழமைக்குள்ள நகரசபையில அன்மெல்டுங் எண்ட முகவரிப் பதிவு செய்ய வேணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச குடியிருப்புச் சான்று வேணும், அதைத் தரமாட்டன் எண்டுற அறையை எடுக்காதேங்கோ. அடுத்தது கடிதப் பெட்டியில உங்கட பேரை ஒட்டுங்கோ. இங்க தபால்காரர் அறை நம்பர் பாக்கிறதில்லை, பெட்டியில பேர் இல்லையெண்டா கடிதம் திரும்பிப் போயிடும். வரி இலக்கம், வங்கிக் காட், பின் எல்லாம் தபாலிலதான் வரும்.

கோவை_மெக்
என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு. அப்பா பேரு இனிஷியல்தான். பிரச்சினை வருமா?

கணக்குப்பிள்ளை
நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக வருவதுதான். ஒப்பந்தத்தில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், பாலிசியில் இனிஷியலை விரித்து ஒரு விதம் என்று மூன்றாகப் பிரிந்தால் க்ளெய்மும் நிற்கும், சம்பளமும் நிற்கும். விசா ஸ்டிக்கரில் எப்படி அச்சாகிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் கொடுங்கள். கடிதப் பெட்டியிலும் அதுவே. வங்கி வீடியோ சரிபார்ப்பில் தள்ளிவிட்டால் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்க்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. வேறு யூரோ நாட்டு ஐபேன் (வங்கிக் கணக்கு எண்) என்பதற்காக நிறுவனம் சம்பளம் போட மறுக்கவும் கூடாது.

இனி வரி. சமூகக் காப்பீடு இல்லை என்பதால் வருமான வரியும் இல்லை என்று நினைக்காதீர்கள். கட்டாயப் பயிற்சிச் சம்பளமும் வரிக்குரிய சம்பளமே. தனி ஆளுக்கான முதல் வரி வகுப்பில் போட்டால் 1,050 யூரோவுக்கு வரி பூஜ்யம். வரி இலக்கம் கொடுக்காமல் இழுத்தடித்தால் ஆறாம் வகுப்பில் போட்டு முதல் யூரோவிலிருந்தே பிடிக்க வாய்ப்புண்டு. அதனால் அன்மெல்டுங் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிடித்தாலும் திரும்ப வாங்கலாம், நான்கு ஆண்டு வரை அவகாசம். 2026க்கான வரிவிலக்கு வரம்பு 12,348 யூரோ, உங்கள் ஆறு மாத மொத்தமே 6,300தான்.

அதற்கு எல்ஸ்டர் என்ற அரசு வரித்தளத்தில் கணக்கு வேண்டும். அதன் செயல்படுத்தும் குறியீடு தபாலில் வரும். ஆகவே ஜூன் மாதத்துக்குள், அந்த முகவரியில் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். கிளம்பும்போது சம்பள வரிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். திருப்பித் தரும் பணம் வரும்வரை ஒரு யூரோ கணக்கை மூடாதீர்கள்.

கோவை_மெக்
இந்தியாவுல ஐடிஆர் போடணுமா? வருமானம் கம்மிதானே?

கணக்குப்பிள்ளை
போட வேண்டும். ஆறு மாதமும் இரண்டு நிதியாண்டில் பிரிந்து விழுவதால் இரண்டு ஆண்டும் நீங்கள் இந்தியாவில் 182 நாளுக்கு மேல் இருப்பீர்கள். அதாவது குடியிருப்பவர். வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே வருமானம்தான். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் கழிவுக்குப் பிறகு வரி வராது. ஆனால் ஜெர்மன் வங்கிக் கணக்கு வைத்திருந்தாலே வருமானம் எவ்வளவு குறைவானாலும் தாக்கல் கட்டாயம். ஐடிஆர் 1 செல்லாது, ஐடிஆர் 2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் கணக்கைக் காட்ட வேண்டும்.

சம்பளத்தை ஏப்ரல்–மார்ச் கணக்கில் காட்டுகிறீர்கள். அந்த அட்டவணையோ ஜனவரி–டிசம்பர் கணக்கில் போகும். ஆகவே பிப்ரவரி, மார்ச் சம்பளம் ஒரு ரிட்டர்னில், வங்கிக் கணக்கு அடுத்த ரிட்டர்னில் வரும். வங்கிக் கணக்கு போன்ற வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால், காட்டாமல் விட்டதற்கான பத்து லட்ச அபராதம் இப்போது இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

கோவை_மெக்
டீன் ஆபீஸ்ல பேசினேன். சிலபஸ்ல "குறைந்தது 16 வாரம், அதிகபட்சம் ஒரு செமஸ்டர்"னு இருக்காம். முழுத் தேதியோட புதுக் கடிதம் தரேன்னாங்க.

நெக்கார்க்கரை
நல்லது. "செமஸ்டர்" எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் செமஸ்டர் மே மாதம் முடிகிறது என்றால் ஜூன், ஜூலை மறுபடி வெளியே நிற்கும். அப்படியானால் அந்த இரண்டு மாதத்தை என்ன செய்வது என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் பாலிசி வாங்குங்கள்.

ரைன்_யாழ்
போகேக்க செய்யவேண்டியது: டாய்ச்லாந்து ரிக்கற்றை ஜூலை 10க்கு முன்னம் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி ஆகஸ்ட் காசும் போகும். வானொலிக் கட்டணம் மாசம் 18.36, ஒரு வீட்டுக்கு ஒண்டுதான். சேந்திருக்கிற பெடியளில ஆரும் கட்டினால் அவற்ற இலக்கத்தைக் குடுத்தால் சரி. பதிவுநீக்கத்தைப் புறப்பட ஒரு கிழமைக்கு முன்னமே செய்யலாம். அறையை ஒப்படைக்கேக்க வீட்டுக்காரரோட நிண்டு சுவர், மெத்தை, கரண்ட் மீற்றர் எல்லாம் படமெடுத்து ஒரு தாளில ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. டெபாசிற் வர மாசக்கணக்காகும், அதுக்கும் அந்த யூரோ கணக்குத்தான் தேவை.